பத்திலிருந்து தொடங்கிய பாலம்

அத்தியாயம் 11

டீச்சர் கொடுத்த வாக்கு உங்களுக்கு நினைவிருக்கும். "ஒரு பிள்ளைக்கு ஒரு சிராய்ப்பு வந்தாலும், அதுக்கப்புறம் சாக்பீஸைத் தவிர வேற எதையும் கையில எடுக்க மாட்டேன்" என்று நாத்தனாரிடம் சொல்லிவிட்டு வந்தாளே, அந்த வாக்கு. சொல்லும்போது ஜோராகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் என்ன சொல்லிவிட்டு வந்தோம் என்பது உறைத்தது.

நாத்தனார் என்றால் லேசுப்பட்ட நாத்தனார் இல்லை. வீட்டில் மாடியில் குடியிருப்பவர், பள்ளியில் தலைமையாசிரியை, அங்கே எல்லோருக்கும் பெரிய டீச்சர். மாடிப்படியில் அண்ணி, பள்ளி கேட்டைத் தாண்டினால் மேடம். பத்து வருடமாகியும், எந்த இடத்தில் வாய் தவறிவிடுமோ என்று டீச்சருக்குப் பயம்.

இந்த வாரம்தான் வந்து சேர்ந்த வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. டீச்சர் நாலாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறாள். போர்டில் எழுதிப் போட்டு எடுப்பதில்லை. பெருக்கல் வேண்டுமென்றால் பிள்ளைகள் செங்கல் அடுக்குவார்கள், வகுத்தல் வேண்டுமென்றால் கயிறு வெட்டுவார்கள். போன மாதம் ஒன்றாம் வகுப்பு அறையில் சுவருக்குச் சுவர் பலகை அடுக்கி, இரண்டு முனையும் சுவரில் அடித்த சட்டத்தில் உட்கார, ஒரு வாசிப்பு மேடை போட்டுக் கொடுத்தார்கள். டீச்சரின் தோள் உயரம், ஏறப் படி, மேலே பாய், கீழே புத்தகப் பைகள். பார்த்தவர்களெல்லாம் மெச்சினார்கள். மெச்சியதில் தலைகால் புரியாமல் போய், அடுத்தது பாலம் என்றார்கள் பிள்ளைகள். டீச்சரும் சரி என்றுவிட்டாள்.

பள்ளிக்கும் விளையாட்டுத் திடலுக்கும் நடுவே ஒரு மழைநீர்க் கால்வாய் ஓடுகிறது. இரண்டு பக்கமும் சிமென்ட் கரை, ஆள் உயர ஆழம், அடியில் கறுப்பாய்த் தண்ணீர். சுற்றிக்கொண்டு போகச் சோம்பல்பட்டு அதைத் தாண்டிக் குதித்த ஒரு பையன் கையை ஒடித்துக்கொண்டான். அதற்குத்தான் இந்தப் பாலம். ஐந்து பலகைகள், மேலே குறுக்குச் சட்டம் அடித்து ஒன்றாகச் சேர்த்தது, இரண்டு முனையிலும் மண் கொட்டிய சரிவு. அளந்தது பிள்ளைகள், அறுத்தது பள்ளித் தோட்டக்காரர். டீச்சரின் கணவர் தச்சர். நேற்று வந்து நடுவில் ஏறி மூன்று முறை குதித்துப் பார்த்து, "பலமா இருக்கு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

இன்று காலை பதினோரு மணிக்குத் திறப்பு. நிர்வாகக் குழுவிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். நல்லபடியாக முடிந்தால் எல்லா வகுப்புக்கும் இந்தக் கணக்குதான். இல்லையென்றால் சாக்பீஸ்.

"அம்மா, இன்னிக்கு மழை வருமா?"

கேட்டது மகள். நாலாம் வகுப்பு, அம்மாவின் வகுப்பேதான். எதைப் பார்த்தாலும் தட்டித் தட்டிப் பார்ப்பாள், மேசை, கதவு, அப்பாவின் வழுக்கை எதையும் விடமாட்டாள். அதனால் வீட்டிலும் பள்ளியிலும் அவள் பெயர் மரங்கொத்தி. இன்று அவள் எதையும் தட்டவில்லை.

வெளியே வெயில் அந்த நேரத்துக்கே சுள்ளென்று அடித்தது.

"வராது. பாலைக் குடி."

"வந்தா திறப்பு விழாவைத் தள்ளி வைப்பாங்களா?"

"நல்ல நாளும் அதுவுமா வாயை வைக்காதே. குடி."

"வயிறு வலிக்குதும்மா."

டீச்சர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சூடு இல்லை. கைகள்தான் சில்லென்று இருந்தன. தனக்கே அப்படித்தான் இருக்கிறது, பிள்ளைக்கு இருக்காதா என்று நினைத்துக்கொண்டாள். அங்கேதான் தப்புப் பண்ணினாள்.

"எல்லாருக்கும் கொஞ்சம் படபடப்பா இருக்கும்டி. நீ பலகைக் குழுத் தலைவி. மேடை போட்டதிலிருந்தே நீதான் தலைவி. நீ பயந்தா மத்தவங்க என்ன செய்வாங்க?"

மரங்கொத்தி பால் டம்ளருக்குள் பார்த்தபடி இருந்தாள். பிறகு, "அப்ப நான்தான் முதல்ல போவேன். தனியா. நான் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தப்புறம்தான் மத்தவங்க வரணும்" என்றாள்.

"ஆசையைப் பாரு!" என்று அவள் கன்னத்தைக் கிள்ளிவிட்டு டீச்சர் சாப்பாட்டு டப்பாவை மூடப் போனாள். தன் மகளுக்கு இவ்வளவு தைரியமா என்று மனதுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

ஒன்பதரை மணிக்குப் பிள்ளைகளெல்லாம் வகுப்பில் வாழ்த்து அட்டைக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தார்கள். உதவி ஆசிரியை அவர்களைப் பார்த்துக்கொண்டாள். டீச்சர் பின் கட்டடத்து வராந்தாவில் மேசை போட்டு, விருந்தினர் புரட்டிப் பார்க்கட்டும் என்று நோட்டுகளை விரித்து வைத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு நோட்டிலும் எது அழகான பக்கமோ அந்தப் பக்கம்.

கால்வாய்க் குழுவின் நோட்டு சுத்தமாக இருந்தது. பள்ளி டேப்பால் மூன்று முறை அளந்திருந்தார்கள். அகலம் 140. இந்தக் கரையில் பலகை உட்கார 12, அந்தக் கரையில் உட்கார 12. ஆக மொத்தம் 164. சரி.

அடுத்தது மரங்கொத்தியின் நோட்டு. பலகையைப் படமாக வரைந்து, அதன்மேல் மஞ்சள் நிறத்தில் டேப்பும் வரைந்திருந்தாள். அப்பாவின் மஞ்சள் டேப். அதைப் பள்ளிக்குக் கொண்டுவந்த நாளில் அவளைக் கையில் பிடிக்க முடியவில்லை. படத்தில் பலகையின் வலது ஓரத்தில் 164 என்று எழுதியிருந்தது.

இடது ஓரத்தில் 10.

டீச்சர் முதலில் சிரித்தாள். பூஜ்யம் போட மறந்து பத்து போட்டிருக்கிறது பிள்ளை என்று. பிறகு படத்துக்குக் கீழே எழுதியிருந்ததைப் படித்தாள். "எங்கள் அப்பா எப்போதும் பத்தில் வைத்துத்தான் அளப்பார். நாங்களும் அப்படியே அளந்தோம்."

அதற்கும் கீழே, பக்கத்தின் அடியில், வேறு பென்சிலில், சின்னதாக ஓர் எண். 154. அதைச் சுற்றி ஒரு வட்டம். அதன்மேல் பக்கம் கிழியும் அளவுக்கு அழுத்தி அழுத்திக் கிறுக்கல்.

டீச்சர் பென்சிலைத் தேடி எடுத்தாள்.

நாலாம் வகுப்புக் கணக்குதான். நோட்டின் ஓரத்திலேயே போட்டுப் பார்த்தாள். நூற்று அறுபத்து நாலில் பத்து போக நூற்று ஐம்பத்து நாலு. அதில் கால்வாய் நூற்று நாற்பது போக மிச்சம் பதினாலு. இந்தக் கரையில் சுண்ணாம்புக் கோடு போட்டுச் சரியாகப் பன்னிரண்டு வைத்தார்கள், அது அவளே நின்று பார்த்தது. பதினாலில் பன்னிரண்டு போக, அந்தக் கரையில் இரண்டு.

இரண்டு சென்டிமீட்டர். முப்பத்திரண்டு பிள்ளைகள் நடக்கப் போகிற பாலம் அந்தப் பக்கம் இரண்டு சென்டிமீட்டரில் தொற்றிக்கொண்டிருக்கிறது.

அந்தக் கரையில் யாரும் அளக்கவில்லை. "கணக்கு சரியா இருந்தா அந்தப் பக்கம் தானா சரியா இருக்கும், அதுக்குத்தான் கணக்கு" என்று சொன்னவள் அவளேதான். சொன்ன கையோடு மண்ணைக் கொட்டி மூடவும் சொன்னாள்.

போனை எடுத்தாள். இரண்டாவது மணியிலேயே தச்சர் எடுத்தார். பின்னால் ரம்பம் ஓடும் சத்தம்.

"என்ன டீச்சரம்மா, பெரிய மனுஷங்க வந்தாச்சா?"

"ஏங்க, அந்த மஞ்ச டேப்புல எதுக்குப் பத்துல வச்சு ஆரம்பிக்கிறீங்க?"

"இப்ப இதுவா கேள்வி? முனையில கொக்கி போய் எத்தனையோ வருஷமாச்சு. மொத ரெண்டு கோடு தேஞ்சே போச்சு. அதான் பத்துல வச்சுப்பேன்."

"வச்சுட்டு, முடிவுல பத்தைக் கூட்டிப்பீங்களா?"

"கூட்டாம? நூறு வேணும்னா நூத்திப் பத்துல கோடு போடுவேன். அது பழகிப் போச்சு, கை பாட்டுக்குப் போட்டுரும்."

"அதை வாய்விட்டுச் சொல்லியிருக்கீங்களா? எப்பவாவது? குழந்தை பக்கத்துல நிக்கும்போது?"

ரம்பத்தின் சத்தம் நின்றது.

"எவ்வளவு குறையுது?" என்றார். குரல் மாறிவிட்டிருந்தது.

"அந்தப் பக்கம் ரெண்டுதான் நிக்குது. நேத்து நீங்க அந்தப் பக்கத்து மண்ணைத் தோண்டிப் பாத்தீங்களா?"

"இல்ல. நடுவுல ஏறிக் குதிச்சேன், தாங்குச்சு. நம்ம பொண்ணு அளந்ததாச்சே, தோண்டுனா அவ முகம் வாடிப் போகுமேன்னு..."

"வந்துடுங்க."

"யாரையும் ஏற விடாதே. ஏறுனா நகரும். நகர்ந்துக்கிட்டே இருக்கும்."

மணி பத்தேகால்தான். இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது, மண்ணைத் தள்ளிப் பலகையை இழுத்துவிடலாம், விழாவை நிறுத்திவிடலாம், நாத்தனார் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்ளலாம். இப்படியெல்லாம் நினைத்துக்கொண்டே விரைந்து வந்து வகுப்புக் கதவைத் திறந்தாள்.

வகுப்பில் ஒருவரும் இல்லை. வண்ணப் பென்சில் டப்பாக்கள் மூடாமல் கிடந்தன.

"விருந்தாளிங்க சீக்கிரம் வந்துட்டாங்க டீச்சர்" என்றாள் பெருக்கிக்கொண்டிருந்த ஆயா. "பெரிய டீச்சர் எல்லாரையும் கால்வாய்க்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. உங்களைத் தேடினாங்களே?"

டீச்சர் ஓடினாள். புடவை காலில் சிக்கியது. அதை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அடுக்களையைத் தாண்டி, சைக்கிள் கொட்டகையைத் தாண்டி ஓடினாள். தண்ணீர்த் தொட்டிப் பக்கம் திரும்பும்போது கைதட்டும் சத்தம் கேட்டது. ஐயோ என்று வாய்விட்டே சொன்னாள்.

அங்கே நாலாம் வகுப்பு முழுவதும் இருவர் இருவராகக் கைகோர்த்து வரிசையில் நின்றது. கோட்டு போட்ட இரண்டு பேர் நிழலில் நின்றார்கள். பெரிய டீச்சர் கையில் கத்தரிக்கோல், ரிப்பன் ஏற்கெனவே இரண்டாகக் கிடந்தது. அவருக்கும் மரங்கொத்திக்கும் ஏதோ வாக்குவாதம்.

"ஜோடியா போங்கன்னு சொன்னேன்ல? போட்டோ எடுக்கணும்."

"நான் தனியா போறேன் அத்தை."

"இங்க மேடம்னு சொல்லு."

"தனியா போறேன் மேடம். ப்ளீஸ் மேடம். நான் போய்ச் சேர்ந்தப்புறம் கூப்பிடறேன்."

கோட்டு போட்டவர்களில் ஒருவர் சிரித்தார். "விடுங்க மேடம், இந்த வயசிலேயே தலைவி."

மரங்கொத்தி பாலத்தில் காலை வைத்தாள்.

இந்த இடத்தில் டீச்சரின் மனதில் என்ன ஓடியது என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. காலையில் பால் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டு சொன்னாளே, தனியா போவேன் என்று, அது தைரியம் இல்லை என்பது மட்டும் நெஞ்சில் வந்து அறைந்தது. பிள்ளைக்குத் தெரியும். தெரிந்துதான் ஏறுகிறாள்.

கத்தப் போனாள். தொண்டையோடு நிறுத்திக்கொண்டாள். கத்தினால் திடுக்கிட்டுத் திரும்புவாள், துள்ளுவாள். துள்ளினால் நகரும்.

மரங்கொத்தி கைகள் இரண்டையும் விரித்துக்கொண்டு நடந்தாள். ஓரடி. இன்னொரு அடி. அந்தக் கரையில் சரிவாகக் கொட்டிய மண்ணிலிருந்து கொஞ்சம் உதிர்ந்து தண்ணீரில் விழுந்தது. பொலபொலவென்ற அந்தச் சின்னச் சத்தம் டீச்சருக்கு மட்டும்தான் கேட்டது.

"மரங்கொத்தி" என்றாள், வகுப்பில் பேசும் அதே குரலில். அந்தக் குரல் எங்கிருந்து வந்ததோ. "நில்லு."

பிள்ளை நின்றாள்.

"திரும்பாதே. முன்னாலயும் போகாதே. அப்படியே ஒரு காலைப் பின்னால எடுத்து வை. மெல்ல. தேய்ச்சு வை, தூக்காதே."

"டீச்சர், என்ன இது?" என்றார் பெரிய டீச்சர்.

"பேசாதீங்க அண்ணி."

பள்ளி வளாகத்துக்குள் தலைமையாசிரியையை அண்ணி என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. கூப்பிட்டவள் கவனிக்கவில்லை. கேட்டவர் கவனித்தார், அதனாலேயே வாயை மூடிக்கொண்டார்.

"இன்னொரு கால். அப்படித்தான். நான் எண்ணிக்கிட்டே இருக்கேன், நீ வந்துக்கிட்டே இரு. ஒண்ணு. ரெண்டு."

மூன்று சொல்லும்போது மண் மறுபடி உதிர்ந்தது, இம்முறை ஒரு கைப்பிடி அளவு. வரிசையில் நின்ற ஒரு பிள்ளை அழ ஆரம்பித்தது. நாலு. ஐந்து என்று சொல்வதற்குள் டீச்சர் பிள்ளையின் சீருடைக் காலரைப் பிடித்து இழுத்துத் தன்மேல் சாய்த்துக்கொண்டாள். இரண்டு பேரும் புல்லில் உட்கார்ந்துவிட்டார்கள்.

அந்த நேரத்தில்தான் தச்சரின் மொபெட் கேட்டுக்குள் வந்தது. அவர் யாரையும் பார்க்கவில்லை. கால்வாயைச் சுற்றிக்கொண்டு அந்தக் கரைக்குப் போய், முழங்காலிட்டு, கையாலேயே மண்ணைத் தள்ளினார். பலகையின் முனை தெரிந்தது. அது சிமென்ட்டில் உட்கார்ந்திருந்தது ஒரு பென்சில் அகலம். இரண்டு சென்டிமீட்டர்கூட இல்லை. நேற்று அவர் குதித்த குதியில் பாதி போயிருந்தது, இன்று மகள் நடந்ததில் இன்னும் கொஞ்சம்.

உள்ளங்கையால் லேசாக ஒரு தள்ளு தள்ளினார். அவ்வளவுதான். பாலம் அந்தப் பக்கம் சாய்ந்து, படாரென்று கால்வாய்க்குள் விழுந்தது. கறுப்புத் தண்ணீர் எழும்பிக் கோட்டு போட்டவர்களின் காலில் தெறித்தது. அவர்கள் துடைத்துக்கொள்ளவும் மறந்து நின்றார்கள்.

பெரிய டீச்சரின் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. கத்தரிக்கோலை எங்கே வைப்பது என்று தெரியாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"யார் அளந்தது?"

"என் வகுப்பு" என்றாள் டீச்சர் உட்கார்ந்தபடியே. "சரிபார்க்க வேண்டியது நான். பார்க்கலை."

"கையெழுத்துப் போட்டது நான்க்கா" என்றார் தச்சர் அந்தக் கரையிலிருந்து. அவர் இன்னும் எழுந்திருக்கவில்லை.

"நான்தான் அத்தை அளந்தேன்" என்றாள் மரங்கொத்தி. சொல்லிவிட்டு அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தேம்பத் தொடங்கினாள். "நேத்து சாயங்காலம் அப்பா சமையலறை அலமாரிக்கு அளந்தாரு. அறுபதுன்னு சொல்லிட்டு எழுபதுல கோடு போட்டாரு. அப்பதான் தெரிஞ்சுது. சொன்னா உன் வகுப்பை அத்தை நிறுத்திடுவாங்கன்னு... அதான் நான் மட்டும் முதல்ல போலாம்னு. விழுந்தா நான் மட்டும்தானே விழுவேன்."

டீச்சருக்கு அழுகைகூட வரவில்லை. பிள்ளையின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். எல்லாப் பலகையையும் தட்டித் தட்டிப் பார்க்கிற இந்தப் பிள்ளை ஒரு ராத்திரி முழுக்க இதை வயிற்றில் வைத்துக்கொண்டு கிடந்திருக்கிறது, நான் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போயிருக்கிறேன் என்று நினைக்க நினைக்க நெஞ்சு வலித்தது.

பெரிய டீச்சர் மெல்லக் குனிந்தார். மடிப்புக் கலையாத புடவையோடு புல்லில் மண்டியிட்டு, மரங்கொத்தியின் முகத்தைத் திருப்பினார்.

"என்கிட்ட சொல்ல உனக்கு அவ்வளவு பயமா?"

பிள்ளை தலையாட்டினாள். அந்தத் தலையாட்டல் அத்தையை எங்கேயோ குத்தியது. அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

அப்போது மணி அடித்தது. பத்தரை.

மணி அடித்ததும் மரங்கொத்தியின் தேம்பல் சட்டென்று நின்றது. அவள் யாரையும் பார்க்கவில்லை. மைதானத்துக்கு அந்தப் பக்கம், ஒன்றாம் வகுப்புக் கட்டடத்தைப் பார்த்தாள். பத்தரை மணிக்கு அவர்களுக்கு வாசிப்பு நேரம். பாதிப் பேர் மேடை மேலே ஏறுவார்கள், பாதிப் பேர் கீழே பைகளோடு உட்காருவார்கள்.

"அம்மா" என்றாள். "மேடைக்கும் அந்த டேப்புதாம்மா."

கத்தரிக்கோல் புல்லில் விழுந்தது. தலைமையாசிரியை ஓடி அந்தப் பள்ளியில் அதுவரை யாரும் பார்த்ததில்லை.